மல்லியா, கொய்யாவா? வீட்டு முன்னாடி இருக்கிற 12 அடி மண்ணுக்கு ஒரு கணக்கு

இஎம்ஐ, இன்சூரன்ஸ், வருமான வரி என்று பேசிக்கிட்டு இருக்கிற இடத்துல இன்னைக்கு செடியைப் பத்திப் பேசப் போறேன். இதுவும் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்தான். ஒரு எக்செல் ஷீட் அளவுக்கு நம்பரும் இருக்கு.

அரை கிரவுண்ட்ல வீடு கட்டினவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர். கார் நிறுத்த இடம், போர், செப்டிக் டேங்க் எல்லாம் போக, முன்பக்கம் ஒரு துண்டு மண் மிஞ்சும். 12 அடி நீளம், 6 அடி அகலம்னு வைங்க. கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுவாரமே அந்த மண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை வரும். அம்மா மல்லிச்செடி வைக்கச் சொல்வாங்க. அப்பா ஒரு பழ மரம் வேணும்பார். நீங்க யூடியூப் பார்த்துட்டு "மரம் வைக்கிறது எஸ்ஐபி மாதிரி, சின்னதா போட்டா பெருசா வரும்"னு சொல்வீங்க.

அந்த எஸ்ஐபி உவமையை முதல்ல ஓரமா வெச்சிடுங்க. எஸ்ஐபியை நாளைக்கே நிறுத்தலாம், பாதி யூனிட்டை வித்து பணம் எடுக்கலாம். மரத்துல பாதியை வித்து ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாது. மரம் கூட்டு வட்டியிலும் வளராது. ஒரு அளவுக்கு வளர்ந்து, ஒரு அளவுக்குக் காய்ச்சு, அங்கேயே நிக்கும். அதனால செடியை செடியாவே பார்ப்போம். ரெண்டு பேரை எடுத்துக்கலாம்: பூச்செடிக்கு குண்டுமல்லி, பழ மரத்துக்கு கொய்யா.

மாமரம் ஏன் இல்லைன்னு கேப்பீங்க. தோப்புல மாமரத்துக்கு மரம் 30 அடி இடைவெளி விட்டு நடுறது பழைய வழக்கம். இப்போ நெருக்கி நடுற முறை வந்திருக்கு, ஆனா அதுக்கு வருஷா வருஷம் ஒழுங்கா கவாத்து பண்ணணும். பல ரகங்கள் ஒரு வருஷம் கொட்டிக் காய்ச்சா அடுத்த வருஷம் ஓய்வு எடுக்கும். 12 அடி மண்ணுல, காம்பவுண்ட் சுவர் பக்கத்துல, அது நமக்கு வேண்டாத வம்பு. கொய்யா அப்படி இல்ல. புதுக் கிளையிலதான் காய்க்கும். அதனால வெட்டி வெட்டி ஆள் உயரத்துல வெச்சுக்கலாம், வெட்டினா காய்ப்பும் நல்லா இருக்கும்.

கணக்குக்கு முன்னாடி ரெண்டு பேரோட ஜாதகம்

குண்டுமல்லி: முழு வெயில் வேணும். ஒரு அடிக்குக் குழி எடுத்து, மக்கின தொழு உரம் போட்டு, நாலடிக்கு ஒரு செடி. நம்ம 12 அடியில மூணு செடி. நட்டு ஆறு மாசத்துல பூ எட்டிப் பார்க்கும், ஆனா சொல்லிக்கிற மாதிரி பூக்கிறது ரெண்டாவது வருஷத்துல இருந்துதான். நவம்பர் கடைசியில முழங்கால் உயரத்துக்கு மொட்டையா கவாத்து பண்ணணும். அதைப் பண்ணினா கோடையில பூத்துக் கொட்டும். பண்ணலைன்னா இலைதான் கிடைக்கும். மொட்டுப்புழுவும் செம்பேனும் இதோட நிரந்தர விருந்தாளிகள். மொட்டு விரியறதுக்கு முன்னாடி, காலையிலயே பறிக்கணும்.

கொய்யா: லக்னோ 49, அலகாபாத் சபேதா, அர்கா கிரண் மாதிரி ரகங்கள்ல பதியன் கன்றோ ஒட்டுக்கன்றோ வாங்கணும். விதையில முளைச்சது வேண்டாம். காய்க்க லேட்டாகும், தாய் மரத்தோட குணமும் அப்படியே வராது. ஒன்றரை அடிக்குக் குழி. சுவரை ஒட்டாம நடுவுல ஒண்ணே ஒண்ணு. மூணாவது வருஷத்துல இருந்து காய்க்கும். பழ ஈ, மாவுப்பூச்சி, அணில், கிளி, ராத்திரியில வவ்வால், எல்லாத்துக்கும் பங்கு உண்டு. முதல் ரெண்டு வருஷம் குழந்தை மாதிரி தண்ணி காட்டணும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்.

சரி, நம்பருக்கு வருவோம்

கீழே இருக்கிற விலையெல்லாம் நான் கணக்குக்கு எடுத்துக்கிட்டது. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க, முறை அதேதான்.

மல்லிக்கு: மூணு செடி, மண், உரம் எல்லாம் சேர்த்து முதல் வருஷம் 700 ரூபாய். அப்புறம் வருஷத்துக்கு தொழு உரம், வேப்பெண்ணெய்னு 600 ரூபாய். நல்லா பராமரிச்ச செடி வருஷத்துக்கு ஒரு கிலோ பூக்கும்னு வைங்க. கிலோவுக்கு 20 முழம். மூணு செடிக்கு 60 முழம். இதுல கவனிக்க வேண்டியது, 60 முழமும் உங்களுக்கு உபயோகப்படாது. ஏப்ரல், மே மாசத்துல ஒரே நேரத்துல கொட்டும், பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால 40 முழம்தான் நிஜமா கடையில வாங்காம மிச்சம் பிடிச்சது. முழம் 30 ரூபாய்னா 1,200. செலவு 600 போக, மூணாவது வருஷத்துல இருந்து கையில 600 ரூபாய். ரெண்டாவது வருஷம் பாதி விளைச்சல், செலவும் வரவும் சரியா போயிடும்.

கொய்யாவுக்கு: கன்று, குழி, உரம் சேர்த்து முதல் வருஷம் 800 ரூபாய். பராமரிப்பு இதுக்கும் வருஷத்துக்கு 600. ரெண்டாவது வருஷம் வரவு பூஜ்யம், 600 கைவிட்டுப் போகும். மூணாவது வருஷம் 15 கிலோ காய்ச்சு, மூணுல ஒரு பங்கு அணிலுக்கும் பழ ஈக்கும் போக, உங்களுக்கு 10 கிலோ. கிலோ 60 ரூபாய்னா 600. செலவுக்குச் சரி. நாலு, அஞ்சாவது வருஷம் உங்க கைக்கு 20 கிலோ வந்தா, செலவு போக 600 மிச்சம். ஆறாவது வருஷத்துல இருந்து 30 கிலோ வந்தா, செலவு போக 1,200 மிச்சம்.

இப்போ கூட்டிப் பாருங்க.

அஞ்சு வருஷ முடிவுல மல்லி 1,100 ரூபாய் லாபம், கொய்யா 200 ரூபாய் நஷ்டம்.
ஏழு வருஷ முடிவுல மல்லி 2,300, கொய்யா 2,200.
எட்டு வருஷ முடிவுல மல்லி 2,900, கொய்யா 3,400.
பத்து வருஷ முடிவுல மல்லி 4,100, கொய்யா 5,800.

"சார், பத்து வருஷம் கழிச்சு வர்ற ரூபாயும் இன்னைக்கு இருக்கிற ரூபாயும் ஒண்ணா?"ன்னு கேக்கிற ஆளுங்க நம்ம சேனல்ல உண்டு. நல்ல கேள்வி. 7 சதவீதம் கழிச்சு, பத்து வருஷ வரவு செலவையும் இன்னைய மதிப்புக்குக் கொண்டு வந்தா, மல்லி சுமார் 2,650 ரூபாய், கொய்யா சுமார் 3,340 ரூபாய். இடைவெளி குறையுது, ஆனா ஜெயிக்கிறது கொய்யாதான்.

ஆக, கொய்யா மல்லியைத் தாண்டுறது எட்டாவது வருஷத்துல. அந்த எட்டு உங்களுக்கு முக்கியம். அந்த வீட்ல எட்டு வருஷம் இருக்கப் போறீங்களா? வேலை மாறி பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போற திட்டம் இருக்கா? மூணு வருஷத்துல வீட்டை வாடகைக்கு விட்டுட்டு கிளம்பப் போறீங்கன்னா, கொய்யாவை நட்டு, தண்ணி ஊத்தி, பழம் சாப்பிடப் போறது உங்க வாடகைக்காரர். தப்பில்ல, நல்ல காரியம்தான். ஆனா அது முதலீடு இல்ல, தானம். தெரிஞ்சு பண்ணுங்க.

இதுல ஒரு வரி விஷயம் இருக்கு

வீட்ல காய்ச்சதை வீட்லயே சாப்பிட்டா அது வருமானம் இல்ல. அதுக்கு வரியும் இல்ல. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா மிச்சம் பிடிக்கிற எல்லாச் செலவுக்கும் இது பொருந்தும். 20 சதவீத வரி வரம்புல இருக்கிறவர், 4 சதவீத செஸ்ஸோட சேர்த்து கடைசியா சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 20.80 ரூபாய் கட்டறார். அவர் கடையில 1,000 ரூபாய் செலவு பண்ணணும்னா சுமார் 1,263 ரூபாய் சம்பாதிச்சிருக்கணும். 30 சதவீத வரம்புன்னா சுமார் 1,453. அதனால மிச்சம் பிடிச்ச 1,000 ரூபாய், சம்பள உயர்வுல வர்ற 1,000 ரூபாயை விடப் பெருசு. 2025-26 நிதியாண்டுல இருந்து புது முறையில 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு வரியே வராது, அவங்களுக்கு மட்டும் ஆயிரம் ஆயிரம்தான்.

மல்லி உங்களை விலையேற்றத்துல இருந்து காப்பாத்தாது

நிறைய பேர் மல்லி வைக்கச் சொல்ற காரணம், "தை மாசத்துல பூ விலை பார்த்தீங்களா?" என்பதுதான். உண்மைதான். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது. அந்த மதுரை மார்க்கெட்லயே பொங்கலுக்கு முன்னாடி கிலோ ஆயிரக்கணக்குல போகுதுங்கிற செய்தி வருஷா வருஷம் வரும். நம்ம வீட்லயே செடி இருந்தா அந்த விலையில இருந்து தப்பிக்கலாமேன்னு தோணும்.

விலை ஏன் ஏறுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. முகூர்த்தமும் பண்டிகையும் ஒரு பாதி. பனியில செடி பூக்காது என்பது மறுபாதி. மதுரைப் பக்கத்துல வயல்ல பூக்காத அதே மார்கழி, தையில உங்க வீட்டு முன்னாடியும் பூக்காது. அதுவும் நவம்பர்ல கவாத்து பண்ணியிருந்தா அப்போ வெறும் குச்சிதான் நிக்கும். உங்க செடி பூத்துக் கொட்டுற சித்திரையில தெரு முனையில முழம் மலிவா கிடைக்கும். அதாவது, விலை குறைவா இருக்கும்போது நிறைய கொடுக்கும், விலை எகிறும்போது கையை விரிக்கும். மழை நாள்ல மட்டும் பூட்டிக்கிற குடைக்கடை மாதிரி. நான் 30 ரூபாய்னு போட்டது கூட கொஞ்சம் தாராளம்தான், பூக்கிற சீசன்ல நிஜ விலை அதுக்குக் கீழே இருக்கும்.

கொய்யாவுக்கும் இதே பிரச்சனை உண்டு, ஆனா இவ்வளவு மோசமில்ல. வருஷத்துல ரெண்டு போகம் காய்க்கும், கடை விலையும் மல்லி மாதிரி பத்து மடங்கு ஆடாது. பூ வைச்ச அன்னைக்கே வாடும், கொய்யாக்காய் நாலு நாள் தாங்கும், மிஞ்சினா ஜூஸ் போடலாம். சத்துக் கணக்கும் சேர்த்துக்கோங்க. ஆரஞ்சை விட வைட்டமின் சி அதிகம் உள்ள பழம் இது.

ஷீட்ல இல்லாத ஒரு வரி

இதுவரைக்கும் போட்ட கணக்குல ஒரு பெரிய செலவை நான் இன்னும் எழுதல. உழைப்பு.

மல்லிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து நிமிஷம் தண்ணி ஊத்தினா வருஷத்துக்கு 30 மணி நேரம். சீசன்ல ஆறு மாசம் தினமும் பத்து நிமிஷம் மொட்டு பறிச்சா இன்னொரு 30 மணி நேரம். 60 முழம் கட்ட, முழத்துக்கு கால் மணி நேரம்னா 15 மணி நேரம். மொத்தம் 75 மணி நேரம். மிச்சம் 600 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு எட்டு ரூபாய் கூலி.

வளர்ந்த கொய்யாவுக்கு தண்ணி, கவாத்து, காய்க்குக் கவர் கட்டுறது, பறிக்கிறது எல்லாம் சேர்த்து 30 மணி நேரம்னு வைங்க. மிச்சம் 1,200. மணிக்கு 40 ரூபாய்.

இப்போ கேள்வி: இந்த மணி நேரம் யாரோடது?

நேர்மையா சொல்லுங்க. காலையில எட்டு மணிக்கு ஆபீஸ் கேப் வருது. திரும்பி வரும்போது ராத்திரி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை தூங்கணும். நீங்க நர்சரியில காசு கொடுத்தீங்க, குழியும் எடுத்தீங்க, போட்டோவும் போட்டீங்க. அதுக்கப்புறம் 75 மணி நேரமோ 30 மணி நேரமோ கொடுக்கப் போறது உங்க அம்மா, இல்ல மாமியார், இல்ல மனைவி. இல்லைன்னா ரிட்டயர் ஆகி ஊர்ல இருந்து உங்களோட வந்து இருக்கிற அப்பா. முதலீட்டுக்கு முடிவு எடுக்கிறவர் ஒருத்தர், உழைப்பைப் போடுறவர் இன்னொருத்தர். ஒரு கம்பெனியில இப்படி இருந்தா ஆடிட்டர் நான் முதல் பக்கத்துலயே கேள்வி எழுதுவேன்.

வீட்டு வேலைக்கு நம்ம யாரும் பில் போடுறதில்ல. அதனால அது இலவசம்னு மனசு எடுத்துக்குது. சமையல், துணி, பேரப்பிள்ளை, அதோட இப்போ மூணு மல்லிச்செடி. உங்களுக்கு அது "அம்மாவுக்குப் பொழுது போகும்". அவங்களுக்கு அது இன்னொரு வேலையா, இல்ல அவங்களுக்குன்னு இருக்கிற ஒரே வேலையா? அது உங்களுக்குத் தெரியாது. கேட்டாத்தான் தெரியும்.

கேட்டா பதில் ரெண்டு பக்கமும் போகலாம். குனிஞ்சு மொட்டு பறிக்க இடுப்பு விடாதுன்னு சொல்ற அம்மாவும் இருக்காங்க. அவங்களுக்கு நின்னுக்கிட்டே பறிக்கிற உயரத்துல கவாத்து பண்ணின கொய்யா சரி. ஊர்ல வாசல் முழுக்க பூ இருந்த இடத்துல இருந்து வந்து, இங்க பக்கத்து வீட்டுக்காரங்க பேரு கூடத் தெரியாம உட்கார்ந்திருக்கிற அம்மாவும் இருக்காங்க. என் கணக்குல 60 முழத்துல 20 முழத்துக்கு பூஜ்யம் போட்டேன், ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டுக்குப் போன பூ. அந்த அம்மாவோட கணக்குல அந்த 20 முழம்தான் மொத்த வரவும். ரெண்டு பந்து பூவைக் கொண்டு போய்க் கொடுத்தா ஒரு தெரு பழக்கமாகும். நாளைக்கு அவங்களுக்கு மயக்கம் வந்தா, நீங்க மீட்டிங்ல இருக்கும்போது, ஓடி வரப் போறது அந்தப் பக்கத்து வீடுதான்.

இதுக்கு நான் ரூபாய் மதிப்பு போட மாட்டேன். போட முடியாதுன்னு இல்ல, போட்டா தப்பான நம்பர்தான் வரும்.

என் கருத்து

நான் கட்சி எடுக்காம நழுவப் போறதில்ல.

வாடகை வீடு, இல்ல எட்டு வருஷத்துக்குள்ள மாறப் போற வீடுன்னா, மண்ணுல எதுவும் வேண்டாம். பெரிய தொட்டியில ரெண்டு மல்லி. வீடு மாறும்போது லாரியில ஏறும். தொட்டிக்கு வெயில் காலத்துல தினமும் தண்ணி வேணும், அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

சொந்த வீடு, பத்து வருஷம் எங்கயும் போகலைன்னா, மண்ணுல கொய்யா. மல்லி வேணும்னா மொட்டை மாடியில தொட்டியில. ரெண்டையும் ஒரே 12 அடியில வைக்காதீங்க. அஞ்சாவது வருஷம் கொய்யா நிழல் விழும், நிழல்ல மல்லி வெறும் இலைதான் விடும். கன்றை முடிஞ்சா அரசு தோட்டக்கலைப் பண்ணையில வாங்குங்க. ரகம் தெரியாத கன்றை ரோட்டோரத்துல மலிவா வாங்கினா, அது எப்படிப்பட்ட காய்னு தெரிய மூணு வருஷம் ஆகும். அந்த மூணு வருஷத்தை யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

இந்த ரெண்டுக்கும் மேல ஒரே ஒரு விதி. தண்ணி ஊத்தப் போறவங்க என்ன கேக்கிறாங்களோ, அதுதான் முடிவு. பத்து வருஷத்துல கொய்யாவுக்கும் மல்லிக்கும் இருக்கிற வித்தியாசம் 1,700 ரூபாய். மாசத்துக்கு 15 ரூபாய் கூட இல்ல. நீங்க பார்க்காமலே ஆட்டோ டெபிட்ல போயிட்டிருக்கிற ஒரு ஓடிடி சந்தா இதை விட அதிகம். இந்த 15 ரூபாய்க்காக உங்க எக்செல் ஷீட்டைக் காட்டி அம்மாகிட்ட ஜெயிக்க வேண்டாம்.

ஒருவேளை தண்ணி ஊத்தப் போறது நீங்களேன்னா, முதல்ல ஒரு துளசியை மூணு மாசம் காப்பாத்திக் காட்டுங்க. அப்புறம் நர்சரிக்குப் போகலாம்.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது நடுறது ரெண்டுக்குமே நல்லது. அதுக்குள்ள இந்த ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது வீட்ல ஒரு தடவை கேட்டுடுங்க: "அந்த வாசல் மண்ணுல என்ன வைக்கலாம்?" பதிலுக்கு நடுவுல பேசாதீங்க.